எரித்ரோபொயட்டின் ஊசிக்கு முன் ஒரு ரத்தச் சோதனை: விதி என்ன சொல்கிறது?

நாள்பட்ட ரத்தக் கோளாறு உள்ளவருக்கு ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனால், எரித்ரோபொயட்டின் ஊசி போடலாமா என்ற பேச்சு வரும். ஊசிக்கு முன்னால், உடம்பு தானாக எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க மருத்துவர் ஒரு சோதனை எழுதித் தருவார். பத்தோடு பதினொன்று என்று நினைத்துப் பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சில நோய்களில் அந்த ஊசிக்கு நீங்கள் தகுதியானவரா என்று தீர்மானிப்பதே இந்த எண்தான்.

எரித்ரோபொயட்டின் சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சுரப்பு கூடும். எலும்பு மஜ்ஜை அதற்கேற்பச் சிவப்பணுக்களை உண்டாக்கும். ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 20 மில்லி யூனிட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். கடும் ரத்தசோகையில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டி ஏறும். 1977-ல் மியாக்கே, கோல்ட்வாசர் குழுவினர் மனித எரித்ரோபொயட்டினை முதன்முதலாகத் தூய்மையாகப் பிரித்தது, ஏப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து. அவர்கள் உடம்பில் ஹார்மோனுக்குப் பஞ்சமே இல்லை. மஜ்ஜையால்தான் வேலை செய்ய முடியவில்லை. விதியின் அடிப்படையும் இதுதான்: ஏற்கெனவே நிரம்பி வழியும் இடத்தில் மேலும் ஊற்றிப் பெரிதாகப் பலன் இருக்காது.

இப்போது விதிக்கு வருவோம். மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், அதாவது மஜ்ஜையால் நல்ல ரத்த அணுக்களைப் போதுமான அளவு உண்டாக்க முடியாத எம்டிஎஸ் நோய்க்கு, ஐரோப்பிய நாடுகளில் 2017-ல் எப்போயடின் ஆல்ஃபா என்ற எரித்ரோபொயட்டின் ஊசி மருந்து அனுமதி பெற்றது. நிபந்தனைகள்: நோய் குறைந்த ஆபத்து அல்லது இடைநிலை-1 வகையாக இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராம் அல்லது அதற்குக் கீழ், எரித்ரோபொயட்டின் 200-க்குக் கீழ். ஆனால் அமெரிக்கச் சிகிச்சை வழிகாட்டிகள் 500 வரை முயன்று பார்க்கலாம் என்கின்றன. எச்ஐவி நோயாளிகளுக்கு ஜிடோவுடின் மருந்தால் வரும் ரத்தசோகைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தந்த அனுமதியிலும் 500 என்ற எண்தான் இருக்கிறது.

ஆக, 300 உள்ள ஒரு எம்டிஎஸ் நோயாளி ஓர் ஏட்டின்படி தகுதியானவர், இன்னொன்றின்படி இல்லை. அவர் 'இல்லை' என்ற முதல் பதிலோடு நின்றுவிட வேண்டாம் என்பது என் கருத்து. எரித்ரோபொயட்டினோடு ஜி-சிஎஸ்எஃப் என்ற வெள்ளணு ஊக்கி மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, 2003-ல் வெளியான நார்டிக் ஆய்வு காட்டியது இது: எண் 500-க்குக் கீழ், மாதம் இரண்டு யூனிட்டுக்குக் குறைவாக ரத்தம் ஏற்றுபவர் என்றால் பலன் கிடைக்கும் வாய்ப்பு 74%. இரண்டில் ஒன்று மட்டும் பொருந்தினால் 23%, இரண்டும் பொருந்தாவிட்டால் 7%.

500-ஐத் தாண்டிய அறிக்கையும் வீண்போவதில்லை. எஃப்டிஏ 2024-ல் அனுமதித்த இமெடெல்ஸ்டாட் என்ற மருந்து, எட்டு வாரத்தில் நான்கு யூனிட்டோ அதற்கு மேலோ ரத்தம் தேவைப்படும் குறைந்த ஆபத்து எம்டிஎஸ் நோயாளிகளில், எரித்ரோபொயட்டின் ஊசி பலிக்காதவர்களுக்கும் அதற்குத் தகுதி இல்லாதவர்களுக்கும் உரியது. அந்தத் தகுதியின்மையைக் காட்டுவது இதே எண்தான்.

பாலிசைதீமியா வேராவில் கதை தலைகீழ். அங்கே சிவப்பணு அதிகம், ஹார்மோன் குறைவு. இயல்புக்குக் கீழான அளவை உலக சுகாதார நிறுவனத்தின் நோயறிதல் விதி துணை அளவுகோலாக ஏற்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோயில் மட்டும் ஊசி தொடங்க இந்தச் சோதனை பொதுவாகத் தேவைப்படாது. சுரப்பு போதாது என்பது முன்பே தெரிந்த விஷயம்.

அப்புறம், மிக முக்கியமானது: ரத்த மாதிரி எடுக்கும் நேரம். ரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் கூடும், உடம்பு தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்; மறுநாள் எடுத்தால் எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். ஊசி தொடங்கிய பிறகு எடுத்தாலோ, வெளியிலிருந்து போன மருந்தையும் உடம்பு சுரந்ததையும் சோதனை பிரித்துக் காட்டாது. அதனால் சிகிச்சை நடக்கும்போது மாதாமாதம் இதைச் சோதிப்பதில் பயன் இல்லை. அப்போது பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபினும் இரும்புச்சத்து அளவுகளும். நாளின் நேரத்தைப் பொறுத்தும் அளவு மாறுவதால் காலையில் மாதிரி கொடுப்பது நல்லது. எண்ணைத் தனியாகவும் படிக்கக் கூடாது. 40 என்ற அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 14 என்றால் அது அதிகம். ஹீமோகுளோபின் 7 என்றால் அதே 40 மிகவும் குறைவு, உடம்பு போதுமான அளவு சுரக்கவில்லை என்று பொருள்.

ஆகவே மாதிரி ரத்தம் ஏற்றுவதற்கு முன்பு, முதல் ஊசிக்கு முன்பு, அதே நாள் ஹீமோகுளோபினோடு சேர்த்து எடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். சோதிக்காமலே ஊசி தொடங்கிவிட்டது என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். எத்தனை நாள் இடைவெளி விட்டுச் சோதிக்கலாம் என்று மருத்துவர் சொல்லட்டும். மாதிரி எடுத்த தேதியும் நேரமும் அறிக்கையில் இல்லாவிட்டால் அன்றே ஆய்வகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.