கலிலியோ இறந்த ஆண்டில்தான் நியூட்டன் பிறந்தாரா?

கலிலியோ கண்மூடிய அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று பள்ளியில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1642 ஜனவரி 8-இல் கலிலியோவின் மரணம், 1642 டிசம்பர் 25-இல் நியூட்டனின் பிறப்பு. இரண்டு தேதிகளும் சரியானவையே. ஆனால் இரண்டும் ஒரே நாள்காட்டியைச் சேர்ந்தவை அல்ல என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கலிலியோ வாழ்ந்த இத்தாலி அப்போது கிரகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டிருந்தது. நியூட்டனின் இங்கிலாந்து பழைய ஜூலியன் நாள்காட்டியிலேயே இருந்தது. இரண்டுக்கும் இடையே அன்று 10 நாள் வித்தியாசம். இத்தாலியின் கணக்குப்படி நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இங்கிலாந்தின் கணக்குப்படி கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்த ஒரு நாள்காட்டியை எடுத்துக்கொண்டாலும் இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளில் போய் விழுகின்றன! ஆளுக்கொரு நாள்காட்டியில் தேதி எடுத்தால் மட்டுமே அந்த ஒற்றுமை கிடைக்கிறது. உண்மையில் நடுவே ஓடியது 361 நாள்.

இந்த 10 நாள் எப்படி வந்தது? பருவங்களை வைத்துக் கணக்கிட்டால் ஓர் ஆண்டு என்பது 365 நாள், 5 மணி, 48 நிமிடம், சுமார் 45 விநாடி. ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த நாள்காட்டி நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைக் கூட்டியது, அதாவது ஆண்டுக்குச் சரியாக 6 மணி நேரம். மிச்சம் 11 நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் அது சேர்ந்து சேர்ந்து சுமார் 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகிவிடும். 16-ஆம் நூற்றாண்டுக்குள் மார்ச் 21-ஐ ஒட்டி வரவேண்டிய வசந்தச் சமநாள், அதாவது பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள், மார்ச் 11-க்கு நகர்ந்துவிட்டது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாட்களை ஒரேயடியாக நீக்கினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இத்தாலியும் ஸ்பெயினும் உடனே ஏற்றன. பிரிட்டன் 1752-இல்தான் மாறியது, ரஷ்யா 1918-இல்.

உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23-க்கும் இதே கதைதான். ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616-இல் அந்த ஒரே நாளில் இறந்தார்கள் என்று சொல்லிக் கொண்டாடுகிறோம். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஜூலியன் தேதி. ஸ்பெயின் கணக்கில் அது மே 3. செர்வாண்டிஸ் இறந்ததோ ஏப்ரல் 22 என்றும், 23 அடக்கம் நடந்த நாள் என்றும் கருதப்படுகிறது.

அதற்காக எல்லா ஒற்றுமைகளும் பொய் என்று ஆகிவிடாது. சார்லஸ் டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 என்ற ஒரே நாளில், ஒரே நாள்காட்டியில் பிறந்தவர்கள். ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8, கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு. அவர் மறைந்தது 2018 மார்ச் 14, அது ஐன்ஸ்டைனின் பிறந்தநாள். இவற்றில் நாள்காட்டிக் குழப்பம் எதுவும் இல்லை. அப்படியானால் இது எவ்வளவு அபூர்வம்?

இங்கேதான் நம் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றுகிறது. ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தால், யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டும்? 183 என்று சொல்லத் தோன்றும். விடை 23. ஏனென்றால் நாம் ஆட்களை எண்ணுகிறோம், எண்ண வேண்டியது ஜோடிகளை. 23 பேருக்குள் 253 ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியும் பொருந்துவதற்கு ஒரு வாய்ப்பு. 57 பேர் இருந்தால் 99 சதவீதம்.

இப்போது அந்த 23 பேரும் மறைந்துவிட்ட விஞ்ஞானிகள் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தநாளோடு இறந்தநாளும் சேர, கையில் 46 தேதிகள். ஜோடிகள் ஆயிரத்துக்கும் மேல். எங்காவது ஒரு பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 95 சதவீதம். நமக்குத் தெரிந்த பெரிய மனிதர்களோ நூற்றுக்கணக்கில். ஆகவே ஹாக்கிங்கின் தேதி கலிலியோவோடு பொருந்தாமல் இருந்திருந்தால், வேறு யாருடைய தேதியோ வேறு யாரோடோ பொருந்தியிருக்கும், அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். தாம் பிறந்த அன்று உலகில் ஏறக்குறைய இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று ஹாக்கிங்கே கணக்குப் போட்டுச் சொன்னார்.

அமெரிக்க அதிபர்கள் இதற்கு நல்ல சோதனை. 1789 முதல் இன்றுவரை பதவி வகித்தவர்கள் 45 பேர். அத்தனை பேர் இருந்தால் ஒரு பிறந்தநாள் பொருத்தமாவது இருக்க 94 சதவீத வாய்ப்பு. இருக்கிறது. ஜேம்ஸ் போல்க் 1795-இலும் வாரன் ஹார்டிங் 1865-இலும் நவம்பர் 2 அன்று பிறந்தார்கள். ஆனால் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், சில மணி நேர இடைவெளியில் இறந்ததை இந்தக் கணக்கில் அப்படியே சேர்த்துவிட எனக்கு மனமில்லை. இருவரும் முதியவர்கள், நோயில் கிடந்தவர்கள், அந்த நாள் தம் வாழ்வில் என்ன என்று அறிந்தவர்கள். ஜெஃபர்சன் தம் கடைசி இரவில் நான்காம் தேதி வந்துவிட்டதா என்று கேட்டது பதிவாகியிருக்கிறது. 23 பேர் கணக்கில், ஒருவருடைய தேதிக்கும் இன்னொருவருடைய தேதிக்கும் தொடர்பே இல்லை என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை இங்கே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்புறம், 'ஒரே நாள்' என்பதற்குள் இடமும் ஒளிந்திருக்கிறது. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. கிரீன்விச் கணக்கில் ஜூலை 21 அதிகாலை 2:56. இரண்டு தேதிகளையும் நூல்களில் பார்க்கலாம், இரண்டும் தவறல்ல.

இந்தச் சிக்கல்களெல்லாம் வேண்டாம் என்றுதான் வானியலாளர்கள் மாதமும் ஆண்டும் இல்லாமல் நாட்களை மட்டும் வரிசையாக எண்ணுகிறார்கள். ஜூலியன் நாள் எண் என்று பெயர். ஜூலியன் கணக்கில் கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலில் பூஜ்ஜியத்தில் தொடங்கி இன்றுவரை நிற்காமல் ஓடுகிறது. அதில் கலிலியோ இறந்த நாள் 23,20,796. நியூட்டன் பிறந்த நாள் 23,21,157. ஹாக்கிங் பிறந்த நாள் 24,30,368. கலிலியோவுக்கும் ஹாக்கிங்குக்கும் இடையே உள்ள அந்த முழுமையான 300 ஆண்டு, இந்த எண்ணிக்கையில் 1,09,572 நாள்.