இரண்டு லட்ச ரூபாய்த் துப்பாக்கியில் எதற்குக் காசு?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்துக்கு இறங்கி வந்து ரேஞ்சில் ஏர் பிஸ்டல் சுட்டுப் பழகுகிறேன். போட்டிக்குப் போகும் எண்ணமெல்லாம் இல்லை, மனசுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றரை, இரண்டு லட்சம் சொல்கிறார்கள். அவ்வளவு கொட்டிக் கொடுத்தால் குறி நிஜமாகவே கூடுமா, இல்லை பேருக்குத்தான் காசா?"

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு இந்தக் கேள்வி பலருக்கும் வந்திருக்கிறது. துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி சுட்டு வெள்ளி வாங்கினார். அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் எல்லாம் "கருவி முக்கியமில்லை, கைதான் முக்கியம்" என்று எழுதினார்கள். பாதிதான் சரி. அவர் தள்ளிவைத்தது சிறப்புக் கண்ணாடியையும் ஒரு கண்ணை மறைக்கும் மறைப்பையும்தான். கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்த உயர்ரகத் துப்பாக்கி.

அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர் பிஸ்டல் என்பது காற்றின் அழுத்தத்தால் குண்டைத் தள்ளும் கைத்துப்பாக்கி. சுடும் தூரம் 10 மீட்டர். பெல்லட் என்னும் குண்டு 4.5 மில்லிமீட்டர் ஈயம், எடை அரை கிராம் சொச்சம். தலை தட்டையாக இருப்பதால் இலக்கு அட்டையில் காகிதத்தைக் கிழிக்காமல், பஞ்ச் மெஷினில் குத்தியது மாதிரி வட்டமாக வெட்டி எடுக்கும். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர். பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதற்கு வெளியே ஒவ்வொரு 8 மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி குறையும். 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்போகாத ஏர் பிஸ்டலுக்கு நம் நாட்டில் ஆயுத உரிமம் தேவையில்லை.

இப்போது கணக்கு. அட்டையில் குண்டுகள் சிதறுவதற்கு இரண்டு காரணங்கள்: உங்கள் கை, உங்கள் துப்பாக்கி. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு தவறு செய்வதில்லை. கை இடப்பக்கம் போகும்போது துப்பாக்கி வலப்பக்கம் போகலாம், மேலேயும் போகலாம். அதனால் இரண்டு சிதறலையும் நேராகக் கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் கர்ணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்.

பழக ஆரம்பித்தவரின் கை 60 மில்லிமீட்டர் சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மலிவான துப்பாக்கி தன் பங்குக்கு 15 சிதறுகிறது. கர்ணம் 61.8. அதே கையில் 3 மில்லிமீட்டர் மட்டுமே சிதறும் உயர்ரகத் துப்பாக்கியைக் கொடுத்தால் 60.1. லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கிடைத்தது இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. கை 8 மில்லிமீட்டருக்குள் அடங்கிய வீரருக்கோ கதை வேறு. மலிவான துப்பாக்கியில் 8, 15, கர்ணம் 17. நல்ல துப்பாக்கியில் 8, 3, கர்ணம் எட்டரை. அவருக்குச் சிதறல் பாதியாகிவிடுகிறது. நீளமான பக்கம்தான் கர்ணத்தைத் தீர்மானிக்கும். உங்கள் நீளமான பக்கம் கையாக இருக்கும்வரை குழலுக்குக் காசு கொடுப்பதில் பிரயோசனம் இல்லை.

இதோடு நிறுத்தினால் "மலிவானதே போதும்" என்று முடிந்துவிடும். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. இந்தக் கணக்கில் கையும் துப்பாக்கியும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டோம். அவை இரண்டும் தொட்டுக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் ட்ரிகர். அங்கே துப்பாக்கியே உங்கள் கையைக் கெடுக்கும்.

எவ்வளவு கெடுக்கும்? குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 320 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை முழுவதும் அப்படியே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் மணிக்கட்டு திரும்பி, முன் சைட் மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால் அட்டையில் 31 மில்லிமீட்டர் விலகும். 10 மீட்டரை 320 மில்லிமீட்டரால் வகுத்தால் வருவது அது. கால் மில்லிமீட்டர் திரும்பினாலே ஒரு புள்ளி போய்விடும். கை ஆடுவதைப் பற்றிப் புதியவர்கள் கவலைப்படுகிறார்கள். அவர்களின் புள்ளிகளைத் தின்பது பெரும்பாலும் இந்தத் திருப்பம்தான். அதை உண்டாக்குவது ட்ரிகரை இழுக்கும் விரல்.

சேலத்தில் ஒரு கோச் எனக்காக இரண்டு துப்பாக்கிகளின் பக்க மூடியைக் கழற்றிக் காட்டினார். மலிவானதில் காற்றைத் தள்ளும் வலுவான ஸ்பிரிங்கின் முழு விசையும் ஒரே ஓர் எஃகு நாக்கின் விளிம்பில் தங்கியிருக்கிறது. ஆடிக் காற்று கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது கொண்டியை எடுக்கப் பார்த்திருப்பீர்கள், எப்படி முரண்டு பிடிக்கும்! அதே சங்கதிதான். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். நிற்கும் பொருளின் உராய்வு நகரும் பொருளின் உராய்வைவிட அதிகம் என்பதால் நாக்கு வழுக்கி வராது. கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி திடுக்கென்று நகரும். எந்த இடத்தில் விடுபடும் என்று விரலுக்குத் தெரியாது. தெரியாததால் விரல் பொறுமை இழந்து வெடுக்கென்று இழுக்கும். முன் சைட் திரும்பிவிடும்.

விலையுயர்ந்ததில் அந்த விசையை ஒரு நெம்புகோல் வாங்கி, குறைத்து, அடுத்ததிடம் கொடுக்கிறது. அது இன்னும் குறைத்துக் கடைசி நாக்கிடம் கொடுக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது பாரம் மிகச் சிறியது. பாரம் சிறியது என்பதால் உராய்வும் சிறியது. உராய்வு சிறியது என்பதால் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று மில்லிமீட்டரில் ஒரு துளி மட்டும் ஏறி நின்றாலே பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும். கடினப்படுத்திக் கண்ணாடியாகத் தேய்த்த அந்த விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு லட்சத்தில் பெரிய பங்கு அந்த விளிம்பில்தான் இருக்கிறது என்பேன்.

விரலுக்கு இது எப்படித் தெரியும்? முதலில் ட்ரிகர் மெதுவாக, ஒரே சீராகப் பின்னால் வரும். பிறகு ஒரு சுவர் தட்டுப்படும். மொத்த இழுவிசையில் பெரும்பகுதி இதற்குள் விரலில் ஏறிவிட்டது. சொச்சம்தான் பாக்கி. சுவரில் நின்று சைட்டைப் பார்த்துக்கொண்டே அந்தச் சொச்சத்தைச் சேர்த்தால், விரல் நகர்ந்ததே தெரியாமல் சுத்தியல் விடுபட்டு, அடைத்த காற்றைத் திறந்துவிடும் வால்வைத் தட்டும். இதைத்தான் இரண்டு கட்ட ட்ரிகர் என்பார்கள். விடுபட்ட கணத்தில் எதிர்ப்பு சட்டென்று மறைவதால் விரல் பின்னால் பாயப் பார்க்கும். அதைத் தடுக்கவும் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. போட்டி விதிப்படி இழுவிசை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. நடுவர்கள் ட்ரிகரில் எடையை மாட்டித் துப்பாக்கியைத் தூக்கிப் பார்ப்பார்கள். எடை மேலே எழும்பிய பிறகும் சுத்தியல் விழாமல் இருக்க வேண்டும். கோச் அந்த எடையை மாட்டித் தூக்கியபோது நின்றது. கூடவே இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை ஒட்டித் தூக்கினார், டக்கென்று விழுந்தது. திரும்பத் திரும்ப அதே எடையில் சுத்தியல் விழுந்தது.

விலையில் மற்ற பாகங்களின் பங்கை வேகமாகப் பார்த்துவிடலாம். காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர்: குண்டு 10 மீட்டரில் புவியீர்ப்பால் விழுவது சுமார் 2 சென்டிமீட்டர், வேகம் நொடிக்கு 2 மீட்டர் மாறினாலும் அடி மாறுவது அரை மில்லிமீட்டர் சொச்சம். உங்களுக்கு அது பொருட்டே இல்லை. அந்த வாசகர் மலைக் காற்றைப் பற்றியும் கேட்டிருந்தார். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிதுதான், ஆனால் பத்து மீட்டருக்குள் அது செய்யும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரை எட்டாது. மரக் கைப்பிடி முக்கியம். ஒவ்வொரு தடவையும் கை அதே இடத்தில் உட்கார வேண்டும். ஆனால் அதை உங்கள் உள்ளங்கைக்கு ஏற்ப அரம் போட்டு, மரப்பசை பூசிச் சரிசெய்ய உள்ளூர் ஆசாரியே போதும்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நல்ல போட்டித் துப்பாக்கியில் பெல்லட்டும் காற்றும் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழக வசதி உண்டு. டிரை ஃபயர் என்பார்கள். வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, முன் சைட் அசையாமல் ட்ரிகரை விடப் பழகலாம். மலிவான ஸ்பிரிங் துப்பாக்கியில் இதைச் செய்தால் பிஸ்டன் வெறுமனே போய் மோதிக் கெட்டுவிடும். கையின் அந்த 60 மில்லிமீட்டர் குறைவது இப்படிப் பழகித்தான். ஆகவே பொழுதுபோக்குக்காரருக்கும் ஸ்பிரிங் பிஸ்டலைத் தாண்டிப் போவது நியாயமே. ஆனால் உச்ச விலைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு கட்ட ட்ரிகரும் டிரை ஃபயரும் உள்ள, அடைத்த காற்றில் இயங்கும் எந்தத் துப்பாக்கியும் போதும். இந்தியாவில் செய்பவையும் இருக்கின்றன.

விலை அதிகமானால் பழுதே வராது என்றும் நம்ப வேண்டாம். 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளியோடு 12-வது இடம், இறுதிச் சுற்று கைவிட்டுப் போனது.

"ராசியான துப்பாக்கி" என்ற பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. ஐந்து குண்டு நன்றாகப் பட்டால் ராசி, அடுத்த வாரம் சிதறினால் கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றுகிறார்கள். 60 மில்லிமீட்டர் சிதறும் கையில் ஐந்து குண்டு ஒருநாள் தற்செயலாக நெருங்கி விழும், விழாமலும் போகும். துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கிச் சுட்டுப் பாருங்கள், அதன் உண்மையான சிதறல் தெரிந்துவிடும். அரசும் பதக்கம் வந்தபின் கோடிகளை அறிவிப்பதை விட, மாவட்டத்துக்கு ஒரு பொது ரேஞ்சில் நல்ல ட்ரிகர் உள்ள பத்துத் துப்பாக்கிகளை வாங்கி வைக்கலாம். அம்மாப்பேட்டைத் தறிக்காரரின் மகளுக்கும் அந்தச் சுவர் விரலில் தட்டுப்பட வேண்டும்.

பழைய துப்பாக்கி கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். குழல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. முதலில் ட்ரிகரில் எடை மாட்டிப் பத்து தடவை தூக்கிப் பாருங்கள், விழும் எடை மாறினால் விட்டுவிடுங்கள். பிறகு காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் அந்தக் குப்பிக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள். அது முடிந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.