எண்ணெய்த் தரையில் பந்து எப்படித் திரும்புகிறது?

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து லீவுக்கு வந்திருந்த அக்காவின் மகன், திருகோணமலை உப்புவெளி வீட்டு விறாந்தையில் இருந்து தன் போலிங் வீடியோக்களைக் காட்டினான். கிரிக்கெட் போலிங் அல்ல; நீண்ட தரையில் பாரமான பந்தை உருட்டி, மறுமுனையில் நிற்கும் 10 'பின்'களை, அதாவது போத்தல் வடிவக் கட்டைகளை, சாய்க்கும் விளையாட்டு. பந்து வலதுபக்கக் கானுக்குள் விழப்போகிறது என்று நினைத்தால், கடைசி நேரத்தில் சட்டென இடப்பக்கம் வெட்டிப் போய் 10 பின்களையும் சாய்த்தது. தரையில் எண்ணெய் பூசியிருக்கிறது என்று அவன் சொன்னதும் அம்மா கேட்டார்: "ஆர் ராசா ஊத்தினது? வழுக்கி விழமாட்டியளோ?"

பூசுவது இயந்திரம். பலகை தேயாமல் காக்க வந்த எண்ணெய்தான், இன்று ஆட்டத்தின் பாதி. லேன் எனப்படும் அந்த ஓடுதரையின் நீளம் 60 அடி. வழக்கமான பூச்சு ஏறக்குறைய முதல் 40 அடிக்குத்தான். நடுவில் தடிப்பு, ஓரங்களில் மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை.

வீட்டுச் சீமெந்துத் தரையில் தண்ணீர் ஊற்றி, அதில் டென்னிஸ் பந்தைச் சுழற்றிப் போட்டுப் பாருங்கள். சறுக்கிக்கொண்டு நேராகப் போகும். காய்ந்த இடத்தில் போட்டால் திரும்பும். போலிங்கிலும் அதே கதைதான். வலதுகைக்காரர் விடும்போது விரல்களால் பந்தைப் பக்கவாட்டில் சுழற்றிவிடுகிறார். பந்தின் அடிப்பக்கம் வலப்புறம் வழுக்கும். உராய்வு அதற்கு எதிராக, இடப்புறம் தள்ளும். எண்ணெயில் உராய்வு குறைவு, அதனால் சுழற்சி செலவாகாமல் சேமிப்பில் இருக்கும். வறண்ட 20 அடிக்கு வந்ததும் செலவழியத் தொடங்கும். வழுக்கல் முழுதும் நின்று பந்து உருளத் தொடங்கிவிட்டால் அதற்கு மேல் திரும்பாது.

திரும்பித்தான் ஆகவேண்டுமா? நேராக விடும் பந்து, ஓரத்தில் இருந்து விட்டாலும் முதல் பின்னுக்குப் பக்கத்தில் 1.5 பாகை அளவுச் சாய்வில்தான் நுழைய முடியும். எல்லாப் பின்களும் விழ நல்ல வாய்ப்புத் தருவது 6 பாகை அளவு.

சரி, எண்ணெய் அதிகமாக இருந்தால்? பிடிப்புக் கிடைக்கும் முன்பே பந்து பின்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். மருமகன் முதலில் 16 இறாத்தல் பந்தை வாங்கினானாம், பாரம் கூடினால் தரையை இறுக்கிப் பிடிக்கும் என்று. பாரத்தோடு உராய்வு கூடுவது உண்மைதான். ஆனால் திருப்பவேண்டிய நிறையும் அதே அளவு கூடுகிறதே! இரண்டும் கழிந்து போகின்றன.

பார்க்க வேண்டியது பந்தின் தோலை. பிளாஸ்டிக் தோல் எண்ணெயில் நேராகவே போகும். மிஞ்சிய ஒற்றைப் பின்னை அடிக்க அது நல்லது. 1980களில் யூரித்தேன் தோல் வந்தது, 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் தோல். இந்த ரெசினில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு; அவை எண்ணெயை உறிஞ்சிவிட, தோல் தரையைத் தொடும். எண்ணெய் லேனுக்கு இதுதான் வேண்டும். அதே பந்தை 4000 இலக்கத் தேய்ப்புத்தாளால் தேய்த்தால் வழவழப்பு, 500ஆல் தேய்த்தால் சொரசொரப்பு. எண்ணெய்க்குச் சொரசொரப்பே கைகொடுக்கும். வறண்ட லேனில் அதே பந்து பாதி வழியிலேயே சக்தியைத் தொலைத்துவிடும்.

தோலுக்குள் இருக்கும் உட்கருவும் ஒரு வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதன் நிறை எல்லாத் திசையிலும் ஒரேமாதிரிப் பரவியிருக்காது. அதனால் சுழலும் அச்சு மெல்ல மெல்ல நகரும், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுத் தோல் தரையைத் தொடும். திரும்பி வரும் பந்தைப் பார்த்தால் எண்ணெய்க் கோடுகள் விசிறிபோல விரிந்திருக்கும்.

புதுப் பந்து வாங்காமலும் சமாளிக்கலாம். வேகத்தைக் குறைத்தால் உராய்வுக்கு நேரம் கிடைக்கும். வலதுகைக்காரர் நிற்கும் இடத்தையும் குறியையும் வலப்பக்கம் நகர்த்தினால் மெல்லிய எண்ணெயில் போகலாம். ஆடஆடப் பந்துகள் அந்தத் தடத்தின் எண்ணெயை எடுத்துவிடும். பந்து முந்தியே திரும்பத் தொடங்கினால் மெல்ல இடப்பக்கம் வரவேண்டும். ஒவ்வொரு முறையும் துவாயால் துடைப்பது கட்டாயம். ஆனால் அமெரிக்கப் போலிங் சங்கத்தின் போட்டிகளில் ஆட்டத்தின் நடுவே தேய்ப்புத்தாளால் தேய்க்க அனுமதி இல்லை.

உறிஞ்சிய எண்ணெய் துளைகளை அடைத்துவிட்டால் பந்து மந்தமாகிவிடும். அப்போது விரல் துளைகளை டேப்பால் மூடி, சுடுநீரில் ஊறவைப்பார்கள்; எண்ணெய் கசிந்து வெளியே வரும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, பந்தில் வெடிப்பு விழலாம்.

அம்மா உடனே பக்கத்தில் இருக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைச் சொன்னார். ஏழு கிணறும் ஏழு சூடு, அதில் பந்துக்குத் தோதாக ஒன்று இருக்காதா என்று. பந்து கனடாவில் இருக்கிறது, 16 இறாத்தலை விமானத்தில் கொண்டுவரக் காசு கேட்பார்கள் என்றான் அவன்.