ஸ்டீயரிங்கில் ஆடியோ பட்டன் மாட்டும் முன்: ஏர்பேக், கிளாக் ஸ்பிரிங், இரண்டு ஒயர்

பேஸ் மாடல் காரை எடுத்த ஆறே மாதத்தில், ஸ்டீயரிங்கில் பட்டன் இல்லையே என்று மனசு அரிக்க ஆரம்பிப்பது கோவைப் பக்கம் சகஜம். மாருதியின் பேஸ் மாடலான எல்எக்ஸ்ஐ வைத்திருப்பவர், பக்கத்து வீட்டில் அதற்கு மேல் மாடலான விஎக்ஸ்ஐயில் கட்டை விரலாலேயே பாட்டு மாற்றுவதைப் பார்த்துவிட்டு வருவார். "ஏனுங்கண்ணா, அந்தப் பட்டனை மட்டும் வாங்கி நாமளே மாட்டிக்கலாமுங்களா?" மாட்டிக்கலாமுங்க. பட்டன் மாட்டுவது சுளுவான வேலைதான். ஆனால் அது மொத்த வேலையில் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு பட்டனுக்குப் பின்னால் இருக்கிற ஏர்பேக்கிலும், சுற்றுகிற ஸ்டீயரிங்குக்கு ஒயரைக் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங்கிலும் இருக்கிறது. வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் கோட்டை விடுவதும் அங்கேதான்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதற்குப் பின் வந்த வண்டி என்றால், ஸ்டீயரிங் நடுவில் நீங்கள் ஹாரன் அடிக்கும் மூடிக்குக் கீழே வெடிமருந்து இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பிக்க வேண்டும். மாருதி 800, பழைய ஆம்னி போன்றவற்றில் அந்தப் பயம் இல்லை. ஆனால் அவற்றில் ஸ்டீயரிங்குக்குள் போவது ஹாரனுக்கான ஒற்றை ஒயர், ஒரு பித்தளை வளையம். பட்டனுக்கு வேறு ஒயர் கொண்டுபோக வழியே கிடையாது. அந்த வண்டிகளுக்கு ஒயர்லெஸ் பட்டன்தான் கதி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

காசு போடும் முன் என்ன பார்க்க வேண்டும்

ஸ்டீயரிங் கம்பத்தின் கீழ் மூடியை இரண்டு மூன்று ஸ்க்ரூ எடுத்தால் இறக்கிவிடலாம். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கிளாக் ஸ்பிரிங்கின் பின்பக்கத்தில் கப்ளர்கள், அதாவது ஒயர் செருகும் பிளக்குகள், தெரியும். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது. கண்ணால் பார்ப்பதோடு சரி, கை வேண்டாம். மற்ற கப்ளரில் எத்தனை பின் இருக்கிறது, எத்தனை பின்னில் ஒயர் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஹாரனுக்கு மட்டும் ஒன்றோ இரண்டோ ஒயர் வந்து, மீதி ஓட்டைகள் காலியாக இருந்தால் உங்கள் வண்டியின் கிளாக் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டியிருக்கும். எல்லாப் பின்னும் நிரம்பியிருந்தால் யோகம். சில கம்பெனிகள் எல்லா மாடலுக்கும் ஒரே கிளாக் ஸ்பிரிங்கைப் போட்டுவிடும், பட்டனை மட்டும் விட்டுவைக்கும். அப்படி இருந்தாலும், அங்கிருந்து ஸ்டீரியோ சாக்கெட் வரை ஒயர் ஓடியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஓடாவிட்டால் 0.5 சதுர மி.மீ. ஒயர் இரண்டோ மூன்றோ நீங்கள் இழுத்துக்கொள்ளலாம்.

பார்ட் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அதே வருடத்து மேல் மாடலின் பார்ட் நம்பரை, உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஸ்பேர்ஸ் கவுண்டரில் எடுக்கச் சொல்லுங்கள். முகப்பு மாறிய வருடத்தில் கப்ளரும் மாறியிருக்கும். பட்டன் உட்காரும் பள்ளமே பேஸ் மாடல் ஸ்டீயரிங்கில் இல்லாமலும் இருக்கலாம். அப்புறம் ஸ்டீயரிங் வீலையே மாற்ற வேண்டும், கணக்கு வேறு மாதிரி போகும்.

உக்கடம் பழைய பார்ட்ஸ் கடைகளில் பட்டன் பேடு கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு. கிளாக் ஸ்பிரிங்கையும் ஏர்பேக்கையும் மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. அடிபட்ட வண்டியா, வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அந்தப் பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் வண்டியின் ஏர்பேக் அப்படியே இருக்கட்டும், அதையே திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கப்ளர்

சக்கரம் நேராக இருக்க வண்டியை நிறுத்துங்கள். இக்னிஷனை அணையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, அது திரும்பப் போய் ஒட்டாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். பிறகு காத்திருங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது. விபத்தில் பேட்டரி அறுந்தாலும் பை விரியட்டும் என்று அதில் கரண்ட் சேர்த்து வைத்திருப்பார்கள். அது வடிய வேண்டும். எத்தனை நிமிடம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

ஏர்பேக்கின் இரண்டு முனையில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் திரியின் ரெசிஸ்டன்ஸ் இரண்டு ஓம் அளவில்தான் இருக்கும். மீட்டர் விடும் கரண்டோ டெஸ்ட் லைட்டோ அதைப் பற்றவைக்கப் போதுமாகிவிடலாம். ஏர்பேக்கை அளக்கவே கூடாது. கழற்றிய ஏர்பேக்கை அலங்கார மூடி மேலே பார்த்தபடி வையுங்கள். கவிழ்த்து வைத்தால், தவறி வெடித்தால் அது ராக்கெட் மாதிரி கிளம்பும். தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் மூடிப் பக்கம் உங்கள் உடம்பைப் பார்த்து இருக்கக் கூடாது.

சில வண்டிகளில் ஸ்டீயரிங்கின் பின்னால் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். சிலவற்றில் ஓட்டை வழியாக ஸ்பிரிங் கிளிப்பை அமுக்கி எடுக்க வேண்டும். உங்கள் வண்டியில் எது என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். எங்கள் அபிப்பிராயம் இது: ஏர்பேக்கை எடுத்து மாட்டும் அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் அதில் பயிற்சி உள்ளவருக்குக் கூலி கொடுங்கள். மீதி எல்லாம் உங்கள் கையாலேயே ஆகட்டும்.

கிளாக் ஸ்பிரிங்: நேர் ரோட்டில் தெரியாத தப்பு

திருப்பூர் டெய்லர் கழுத்தில் இருக்கும் இஞ்ச் டேப்பைச் சுருட்டி ஒரு டப்பிக்குள் போட்ட மாதிரிதான் கிளாக் ஸ்பிரிங். பட்டையான நாடா ஒயர் தளர்வாகச் சுருண்டிருக்கும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் சுற்றினால் இறுகும், மறு பக்கம் சுற்றினால் தளரும். ஏர்பேக், ஹாரன், பட்டன் எல்லாவற்றின் ஒயரும் அந்த நாடாவில்தான் போகிறது.

இதை மாற்ற ஸ்டீயரிங் வீலைக் கழற்றியாக வேண்டும். நடு நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்க எடுத்துவிடாதீர்கள். நாலு மரை அதிலேயே இருக்கட்டும். தண்டில் இறுகிப்போன ஸ்டீயரிங், இழுக்கும்போது திடீரென்று கழன்றால் நேரே உங்கள் மூக்குக்கு வரும். நட்டு இருந்தால் அங்கேயே நிற்கும். கழற்றும் முன் வீலிலும் தண்டிலும் ஒரே நேர்கோட்டில் பெயிண்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி நேரே போகும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். வீல் எடுத்தபின் முன் சக்கரத்தைத் திருப்பாதீர்கள்.

புது கிளாக் ஸ்பிரிங் நடுவில் வைத்துப் பூட்டுப் பின்னோடு வரும். மாட்டி முடிக்கும் வரை அந்தப் பின்னை எடுக்க வேண்டாம். பின் விழுந்துவிட்டால், அல்லது பழையதையே மாட்டுவதானால், நடுவை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். ஒரு பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். இறுகியதும் நிறுத்துங்கள், முறுக்காதீர்கள். அங்கிருந்து எதிர்ப்பக்கம் மொத்தச் சுற்றில் பாதி வந்து, அம்புக்குறியோ சின்ன ஜன்னலோ நேர்படும் இடத்தில் நிறுத்துங்கள்.

இதில் ஒரு சுற்று பிசகினால் என்ன ஆகும்? நாடா மொத்தம் ஐந்து சுற்று போகும் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து பக்கத்துக்கு இரண்டரை. ஸ்டீயரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்றரை சுற்று, அதாவது பக்கத்துக்கு ஒன்றே முக்கால். ஒரு சுற்று தள்ளி மாட்டினால் ஒரு பக்கம் ஒன்றரைதான் மிச்சம். கால் சுற்று பற்றாது. அவிநாசி ரோட்டில் நேரே போகிற வரை எதுவும் தெரியாது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலையில் 70. ஏதோ ஒரு வளைவில், லாரிக்கு வழிவிட்டு ஃபுல்லாக ஒடிக்கும்போது நாடா அறுந்துபோகும். மலை வளைவில் அடிக்க வேண்டிய ஹாரன் அதோடு போச்சு, பட்டன் போச்சு, டேஷ்போர்டு மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியும்.

ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) உள்ள வண்டி என்றால் இன்னொரு சங்கதி. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சார் பல வண்டிகளில் அந்த இடத்திலேயே இருக்கும். வேலை முடிந்ததும் ஸ்கேனர் போட்டு அதை ஜீரோ செய்ய வேண்டியிருக்கும். கோவை, ஈரோடு, சேலத்தில் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

பட்டன் எப்படிப் பேசுகிறது

பட்டன் பேடுக்குள் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் ஒன்றும் கிடையாது, பெரும்பாலும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டர். ஸ்டீரியோ தன் கீ ஒயரில் (பட்டனுக்கென்றே உள்ள ஒயர்) சின்ன வோல்டேஜ் விட்டுக் காத்திருக்கும். பட்டனை அமுக்கினால் அந்த வோல்டேஜ் ரெசிஸ்டருக்குத் தகுந்தபடி இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து எந்தப் பட்டன் என்று கண்டுபிடிக்கும். அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே கெடும் என்பதும் புரியும். செட்டுக்குள் 3.3 வோல்ட், 1,000 ஓம் என்று கொள்வோம். 100 ஓம் பட்டனை அமுக்கினால் கீ ஒயரில் 0.30 வோல்ட். அடுத்த பட்டன் 220 ஓம் என்றால் 0.595 வோல்ட். இப்போது கிரவுண்டை (நெகட்டிவ் ஒயரை) ஏதோ ஒரு நட்டு போல்ட்டில் சுரண்டாமல் மாட்டி, துருவால் 60 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். 100 ஓம் பட்டன் 160 ஓம் ஆகிறது, 0.455 வோல்ட் காட்டுகிறது. இரண்டு பட்டனுக்கும் நடுக்கோடு 0.448. தாண்டியாகிவிட்டது. சத்தம் கூட்ட அமுக்கினால் பாட்டு மாறும். "செட்டு மட்டமுங்க" என்று திட்டிக்கொண்டு வருவார்கள், செட்டில் ஒரு கோளாறும் இருக்காது. அதனால்தான் கிரவுண்டை ஸ்டீயரிங் தண்டின் பேரிங் வழியாக எடுக்காமல், கிளாக் ஸ்பிரிங்கில் தனி ஒயராகக் கொண்டுவந்து, செட்டின் கிரவுண்டோடேயே சேர்க்கச் சொல்கிறோம். சேர்ப்பு சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு. முறுக்கி டேப் ஒட்டுவது நாலு மாதத்துக்குத்தான்.

பேடை வாங்கும் கடையிலேயே மீட்டரை 2 கிலோ ஓமில் வைத்து இரண்டு பின்னில் பிடியுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு அளவு வர வேண்டும், விரலை எடுக்கும் வரை அது ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் உள்ளே கார்பன் தேய்ந்திருக்கிறது. பேடில் இன்னும் இரண்டு ஒயர் இருந்தால் அது ராத்திரி எரியும் விளக்குக்கு. அந்த 12 வோல்ட்டைக் கீ ஒயரில் கொடுத்துவிட்டால் செட்டின் அந்த வழி கருகும். ஜாக்கிரதையாக இருங்கள்.

ஆண்ட்ராய்டு செட்டாக இருந்தால் பின்னால் கீ1, கீ2 என்று இரண்டு ஒயர், ஒரு கிரவுண்ட் இருக்கும். இடது பேடு ஒன்றில், வலது பேடு ஒன்றில். இக்னிஷன் போட்டு, கீ ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரில் 3.3 அல்லது 5 வோல்ட் அளவில் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு செட்டிங்கில் ஸ்டீயரிங் கீ பக்கம் போய், பட்டனை அமுக்கிப் பிடித்தபடி திரையில் அதன் வேலையைத் தொட்டு, எல்லாம் முடிந்ததும் சேமிக்க வேண்டும். பயனீர், சோனி செட்டுகளில் பின்னால் 3.5 மி.மீ. ரிமோட் ஓட்டை இருக்கும், கென்வுட்டில் இளநீலம்-மஞ்சள் கோடு போட்ட ஒயர். இவற்றில் பேடு ஒயரை நேராகச் செருகினால் வேலை செய்யாது. நடுவில் ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டும். பட்டன் தகவல் கேன் பஸ்ஸில் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் லைன்) போகிற புது வண்டிகளுக்கு அந்த வண்டிக்கென்றே உள்ள டீகோடர் பெட்டி. அதில் ரெசிஸ்டர் கணக்கு எடுபடாது.

ஒயர்லெஸ் பட்டன் சங்கதி சின்னது. சிஆர்2032 பேட்டரியில் ஓடும் பட்டனை ஸ்டீயரிங் கட்டையில் மாட்டி, ரிசீவரைச் செட்டின் கீ ஒயரில் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஒயரும் வேண்டாம், ஏர்பேக்கைத் தொடவும் வேண்டாம். பேஸ் மாடல்காரர்கள் நிறையப் பேருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். ஆனால் அதை ஏர்பேக் மூடிமேல் ஒட்டக் கூடாது. பை விரிய ஆகும் நேரம் சுமார் 30 மில்லி செகண்ட். மூடிமேல் இருக்கும் எதுவும் அந்த வேகத்தில் முகத்துக்கு வரும். வெறும் டபுள் சைடு டேப்பையும் நம்ப வேண்டாம். கரூர் சித்திரை வெயிலில் கண்ணாடி மூடிய காருக்குள் பசை உருகி நழுவும். பட்டையோ கிளிப்போ உள்ளதாக வாங்குங்கள்.

வேலை முடிந்து பேட்டரியை மாட்டும்போது யாரும் காருக்குள் உட்கார வேண்டாம். வெளியிலிருந்தே கையை நீட்டி இக்னிஷன் போடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். விளக்கை அணைக்க ஏர்பேக் கப்ளரில் இரண்டு ஓம் ரெசிஸ்டர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். விளக்கு அணையும், பை விரியாது.

பிறகு ஹாரன். ஸ்டீயரிங்கை நேராக வைத்து ஒன்று, இடது கோடியில் ஒன்று, வலது கோடியில் ஒன்று. அதே மூன்று இடத்திலும் எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு இன்னொரு முறை. கை படாமலே, ஸ்டீயரிங் திருப்பும்போது சத்தம் தானாகக் கூடினால் நாடாவில் எங்கோ கீறல் விழுந்திருக்கிறது. நடு நட்டு மேனுவல் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசையின் அளவு) இறுகியிருக்க வேண்டும், கையின் கணக்கில் அல்ல. எல்லாம் சரியாக இருந்து, சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ மட்டும் மிச்சமாக உருண்டுகொண்டிருந்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள். நெகட்டிவ் கம்பியை மறுபடி கழற்றிவிட்டு, அது எங்கே போகணும் என்று தேடுங்கள்.