மழைநீர்ப் பீப்பாயில் பிறந்த கொசு

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக எங்களிடம் வருவார்கள். "மஞ்சள் காமாலைதானே டாக்டர், கீழாநெல்லி சாப்பிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். ஊசி வேண்டாம், ஊசி போட்டதற்கான சான்று அட்டை மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் பிலடெல்பியாவைப் பற்றிச் சொல்வேன்.

1793-இல் அமெரிக்காவின் தலைநகரம் அதுதான். சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊர். அடிமைகளின் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த இன்றைய ஹைட்டியிலிருந்து தப்பியவர்கள், அந்தக் கோடையில் கப்பல் கப்பலாக அங்கே வந்திறங்கினார்கள். ஆகஸ்டில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சில நாளில் காய்ச்சல் தணியும். பிழைத்துவிட்டார் என்று வீட்டார் நினைக்கும்போது சிலருக்கு மறுபடி ஏறும். கண் மஞ்சளாகும். உள்ளே ரத்தம் கசிந்து வாந்தி கறுப்பாக வரும். நவம்பருக்குள் சுமார் 5,000 பேர் இறந்துபோனார்கள், பத்தில் ஒருவர். அதிபர் வாஷிங்டன் உட்படப் பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

டாக்டர் பெஞ்சமின் ரஷ் வெளியேறவில்லை. துறைமுகத்தில் அழுகிக் கிடந்த காபிக்கொட்டையின் நாற்றம்தான் காரணம் என்று அவர் நம்பினார். பாதரசம் கலந்த பேதி மருந்து கொடுத்தார்; உடலிலிருந்து ரத்தத்தை ஏராளமாக வடித்தார். ஏற்கெனவே உள்ளுக்குள் ரத்தம் கசிகிற நோயாளிக்கு இது எவ்வளவு ஆபத்து! நகருக்கு வெளியே புஷ் ஹில் மருத்துவமனையில் பிரெஞ்சு மருத்துவர் தெவேஸ் ஓய்வும் நீராகாரமும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். இன்றும் இதற்கென்று தனி மருந்து கிடையாது. நாங்கள் செய்வதும் அந்த மாதிரிப் பராமரிப்புதான்.

கறுப்பின மக்களுக்கு இந்நோய் வராது என்றும் ரஷ் நம்பினார். அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன் ஆகியோரின் தலைமையில் அவர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களைச் சுமந்தார்கள். அவர்களிலும் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்புறம் பணம் பறித்தார்கள் என்று அவர்கள்மேலேயே பழி விழுந்தது. 1794-இல் இருவரும் அதற்கு அச்சிலேயே பதில் சொன்னார்கள். படிக்கும்போதெல்லாம் என்னை உலுக்குவது இந்தப் பகுதிதான்.

அந்த ஆகஸ்டிலேயே உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. கொசுத்தொல்லை தாங்கவில்லை, மழைநீர்ப் பீப்பாய்களில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் கொசு சாகும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். காய்ச்சலையும் கொசுவையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. குளிர்காலம் வந்து கொசு ஒழிந்த பிறகே நோய் அடங்கியது. கொசுதான் காரணம் என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் சொன்னார்; 1900-இல்தான் அது நிரூபணமானது.

அது ஏடிஸ் கொசு. நம் மொட்டைமாடித் தொட்டியில் வளர்ந்து டெங்குவைத் தருகிற அதே கொசு. மஞ்சள் காய்ச்சல் வைரஸ் இந்தியாவில் இல்லை. அதைப் பரப்பும் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. விமான நிலையத்தில் அட்டை கேட்பது அதனால்தான். ஒரே ஊசி, பெரும்பாலானவர்களுக்கு ஆயுளுக்கும் போதும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முட்டை ஒவ்வாமையோ எதிர்ப்பு சக்திக் குறைவோ இருந்தால், ஊசிக்கு முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.