டப்பா இருக்குற எடம் போனுக்கு எப்படித் தெரியுது? காவிரி டெல்டாவுல ஒரு ஜியோகேச்சிங் பாடம்

ஜியோகேச்சிங் தெரியாதவங்களுக்காக முதல்ல ரெண்டு வரி. யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சுட்டு அந்த எடத்தோட அட்சரேகை தீர்க்கரேகைய மட்டும் சொல்லிடுவாங்க, நாம போன்ல ஜிபிஎஸ் பாத்து தேடிப் போகணும், உள்ள இருக்குற நோட்டுல பேர எழுதணும், ஒரு சாமான எடுத்தா ஈடா இன்னொண்ண போட்டு டப்பாவ அதே எடத்துல வச்சிடணும். இது 2000 மே மாசம் பொறந்த ஆட்டம். அதுவரைக்கும் அமெரிக்கா, பொதுமக்களுக்குப் போற ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே பிழைய கலந்து வச்சிருந்துச்சு, 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். மே 2ஆம் தேதி அத நிறுத்தினாங்க, மறுநாளே ஆரிகன் மாநிலத்துல டேவ் உல்மர்ங்கிறவர் காட்டோரமா ஒரு பக்கெட்ட வச்சு அந்த எடத்தோட அட்சரேகை தீர்க்கரேகைய வெளியிட்டுட்டார்.

நம்ம ஆளுங்க இத கொடைக்கானல் ஊட்டின்னு பேரப்பிள்ளைங்களோட லீவுக்குப் போற எடத்துல ஆடுற ஆட்டமா நினைக்கிறாங்க. என்னைக் கேட்டா முதல் தடவை நம்ம தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் வயக்காட்டுல ஆடிட்டு அப்புறம் மலை ஏறுங்கன்னுதான் சொல்லுவேன், ஏன்னா ஜிபிஎஸ்ஸுக்கு வேண்டியது வானம், அது நம்மகிட்ட வரப்புலேருந்து வரப்பு வரைக்கும் விரிஞ்சு கெடக்கு.

எப்படி வேலை செய்யுதுங்கிறத பிள்ளைங்களுக்கு களத்துமேட்டுல கயித்த வச்சே காட்டிடலாம். தென்னமரத்துல ஒரு கயித்த கட்டி, டப்பா இந்த மரத்துலேருந்து 20 அடின்னு சொல்லுங்க, கயித்த இழுத்துப் பிடிச்சு சுத்தி வந்தா தரையில ஒரு வட்டம் விழும், டப்பா அந்த வட்டத்துல எங்க வேணா இருக்கலாம். அடுத்து கரண்டு கம்பத்துலேருந்து இன்னொரு கயிறு, இன்னொரு வட்டம், ரெண்டும் வெட்டுற எடம் ரெண்டே ரெண்டுதான். மூணாவதா மோட்டார் கொட்டாய் மூலையிலேருந்து ஒரு கயிறு வந்தா அந்த ரெண்டுல எதுன்னு தெரிஞ்சிடும். மரம், கம்பம், கொட்டாய்க்கு பதிலா சுமார் 20,200 கிலோமீட்டர் ஒசரத்துல சுத்துற சாட்டிலைட்டுங்க, அவ்வளவுதான்.

கயிறு எதுன்னா, நேரம். ஒவ்வொரு சாட்டிலைட்டும் நான் இன்ன எடத்துல இருக்கேன், இப்ப மணி இன்னதுன்னு ரேடியோ அலையில சொல்லிகிட்டே இருக்கு, அது போனுக்கு வந்து சேர சுமார் 0.07 செகண்டு ஆகுது, அந்த நேரத்த ஒளியோட வேகத்தால பெருக்கினா தூரம் வந்திடும். ஆனா ஒளி ஒரு மைக்ரோசெகண்டுல 300 மீட்டர் போயிடும், அதனாலதான் சாட்டிலைட்டுல அணுக் கடிகாரம் வச்சிருக்காங்க. நம்ம போன்ல இருக்குறதோ சாதாரண குவார்ட்ஸ். அப்ப தப்பா காட்டணுமே?

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. போன் கடிகாரம் தப்பா இருந்தா எல்லா கயிறும் ஒரே அளவுக்கு நீண்டு போகும், இல்ல குறைஞ்சு போகும். அப்ப வட்டங்க ஒரு புள்ளியில சேராது. எல்லா கயித்தையும் ஒரே அளவு கூட்டி குறைச்சுப் பாத்துகிட்டே வந்தா ஒரே ஒரு அளவுலதான் எல்லாம் ஒண்ணா சேரும், அந்த அளவுதான் கடிகாரத்தோட பிழை. எடத்துக்கு மூணு எண்ணு, ஒசரத்தையும் சேத்து, கடிகாரப் பிழைக்கு ஒண்ணு, ஆக நாலு சாட்டிலைட் வேணும். அதாவது போன் எடத்த கண்டுபிடிக்கும்போது கூடவே துல்லியமான மணியையும் கண்டுபிடிச்சிடுது!

ஐன்ஸ்டீனும் இதுக்குள்ள இருக்கார். ஈர்ப்பு குறைவா இருக்குற ஒசரத்துல கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோசெகண்டு வேகமா ஓடும், சாட்டிலைட் வேகமா போறதால 7 மைக்ரோசெகண்டு மெதுவா ஓடும், மிச்சம் 38. இத சரிகட்டாம விட்டா ஒரே நாள்ல தூரக்கணக்கு 11 கிலோமீட்டர் பிசகிடும்.

சரி, மலை ஊருக்கு வருவோம். கயித்து வட்டத்த ஒரு தடவை மரமும் கம்பமும் தள்ளித் தள்ளி இருக்கும்போது போட்டுப் பாருங்க, ரெண்டும் குறுக்கால பளிச்சுனு வெட்டும். அடுத்தது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போடுங்க, வட்டங்க ஒண்ணு மேல ஒண்ணு உரசிகிட்டே போகும், வெட்டுற புள்ளி எதுன்னு சொல்லவே முடியாது, கயித்துல ஒரு சாண் பிசகினாலும் டப்பா அஞ்சாறு அடி நகந்துடும். பள்ளத்தாக்குல நின்னா ரெண்டு பக்கமும் மலை மறைச்சு தலைக்கு மேல இருக்குற சாட்டிலைட்டுங்க மட்டும்தான் தெரியும், அது பக்கத்துல பக்கத்துல நிக்கிற கம்பம் கதைதான். போதாததுக்கு பாறையில மோதி சுத்தி வர்ற சிக்னல் கயித்த நீட்டிக் காட்டும், ஈரமான இலை அடர்ந்த மரம் சிக்னல இன்னும் தேய்ச்சிடும். அதனால கொடைக்கானல்ல தேடினா கோக்கர்ஸ் வாக் மாதிரி ஒரு பக்கம் வானம் தொறந்த எடத்துல நின்னு போன் நிதானத்துக்கு வந்தப்புறம் நடக்கணும்.

இதே டெல்டா அந்தக் காலத்துல நில அளவைக்காரங்கள படாத பாடு படுத்தியிருக்கு. 1802ல பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் மெட்ராஸ்ல ஆரம்பிச்ச பெரிய நில அளவை, உச்சிக்கு உச்சி கோணம் பாத்து முக்கோணமா போட்டுகிட்டே போற வேலை. இங்க வந்தா மலையே இல்ல, தென்னையும் பனையும் பார்வைய மறைக்குது, வேற வழியில்லாம கோயில் கோபுரத்து மேல ஏறினாங்க. 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில்ல தியோடலைட்டுங்கிற, கோணம் அளக்குற அரை டன் கருவிய மேல தூக்கும்போது கயிறு அறுந்து கருவி சொவத்துல மோதி நெளிஞ்சிடுச்சு, லாம்டனே உக்காந்து வாரக்கணக்கா அத சரிபண்ணினார். அவருக்கு ஒசரம் வேணும், நமக்கு வானம் போதும். அதே கோயில் சொவரு ஓரமா நின்னா இப்பவும் பிசகும், சிக்னல் கல்லுல மோதித் திரும்பும்.

"அம்மாச்சி, இங்கதான் நெட்டே இல்லையே, எப்படித் தேடுறது"ன்னு பேத்தி கேட்டா. ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம், போன் சாட்டிலைட்டுக்கு எதையும் அனுப்புறது இல்ல, கேக்குறது மட்டும்தான். நெட் இருந்தா சாட்டிலைட்டோட எடக்கணக்கு சட்டுனு எறங்கிடும், இல்லேன்னா வானத்துலேருந்தே செகண்டுக்கு 50 பிட்டுன்னு வரணும், முப்பது செகண்டாச்சும் பொறுக்கணும். மேப்ப மட்டும் வீட்டுலயே டவுன்லோட் பண்ணிக்குங்க.

எண்ணு படிக்கிறதையும் சொல்லிக் குடுங்க. இந்த ஆட்டத்துல டிகிரி, அப்புறம் நிமிஷம், நிமிஷத்துக்கு மூணு தசமம்னு எழுதுவாங்க, கடைசி தசமம் ஒண்ணு மாறினா 1.85 மீட்டர். தஞ்சாவூர் அட்சரேகை 10 டிகிரி 47 நிமிஷம், அத 10.47 டிகிரின்னு தசமமா போட்டா சுமார் 35 கிலோமீட்டர் தெற்க போயிடுவீங்க.

தொறந்த வானத்துலயே போன் அஞ்சு மீட்டர் வரைக்கும் பிசகும், அதனால கிட்ட போனதும் போன பையில போட்டுட்டு கண்ணால தேட விடுங்க, பிள்ளைங்களுக்கு உண்மையான ஆட்டமே அங்கதான். நீங்க ஒளிக்கிறதா இருந்தா ஒளிச்சவர் பிழையும் தேடுறவர் பிழையும் கூடிக்கும், அதனால ஒரு தடவை எண்ண எடுத்துட்டு வந்துடாம கொஞ்ச நேரம் விட்டு விட்டு நாலஞ்சு தடவை எடுத்து சராசரி போடுங்க. குழி தோண்டிப் புதைக்க இந்த ஆட்டத்துல பொதுவா அனுமதி கெடையாது, வயக்காட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வைங்க. கோடையில காஞ்சு கெடக்குதேன்னு வாய்க்கால் மதகுக்குள்ள மட்டும் வச்சிடாதீங்க, வழக்கமா ஜூன் 12 மேட்டூர் தொறந்தா கொஞ்ச நாள்ல தண்ணி வந்துடும், டப்பா கடலப் பாத்துப் போயிடும்.