மதிலில் ஒட்டிய கல் ஏன் உதிர்கிறது?

இருபது மில்லிமீட்டர் கனமுள்ள கருங்கல் பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 53 கிலோ எடை கொண்டது. அதைத் தோட்டத்து மதிலில் செங்குத்தாக ஒட்டும்போது, கல்லுக்கும் சுவருக்கும் இடையே உள்ள மெல்லிய பசை அடுக்கு இவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்ற ஐயம் வீட்டுக்காரர்களுக்கு வருவது இயல்பே. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த ஐயம் தவறான இடத்தில் எழுந்தது என்று தெரியும். அந்த எடை ஒரு சதுர மீட்டர் பரப்பில் பரவும்போது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.0005 நியூட்டன் அளவு இழுவிசையே விழுகிறது. சாதாரண சிமெண்ட் வகை டைல் பசைக்கு ஐரோப்பியத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச ஒட்டுவலிமை அதே பரப்புக்கு 0.5 நியூட்டன், அதாவது தேவையைப் போல ஆயிரம் மடங்கு. கொள்கையளவில், ஒழுங்காக ஒட்டிய பத்துப் பதினொரு சதுர சென்டிமீட்டர் பசையே ஒரு சதுர மீட்டர் கல்லைப் பிடித்து நிறுத்திவிடும்.

இருந்தும் இரண்டு மூன்று மழைக்காலங்கள் கழிந்ததும் காம்பவுண்டு சுவர்களிலிருந்து கற்கள் உதிர்வதைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். எடை அவற்றைக் கடைசியாகக் கீழே தள்ளுகிறதே தவிர, பிடிப்பை விடுவிப்பது அதுவன்று. வெயிலும் நீரும் நீரோடு வரும் உப்பும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இம்மூன்றிலும் நீரின் பங்கே பெரிது, அதுவும் கல்லின் முகத்தில் விழும் மழைநீரைவிட அதன் முதுகுக்குப் பின்னால் தேங்கும் நீரின் பங்கு.

முதலில், கல் எப்படி ஒட்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகப் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது நீரோடு வேதிவினை புரிந்தே இறுகுகிறது. அவ்வினையில் உருவாகும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்னும் நுண்ணிய பொருள் கல்லின் நுண்துளைகளுக்குள் வளர்ந்து பின்னிக்கொள்வதே பிடிப்பின் அடிப்படை. எனவே துளை அதிகமுள்ள கல்லில் சிமெண்ட் எளிதாகப் பற்றும். துளை மிகக் குறைந்த கருங்கல்லில், அதிலும் எந்திர வாளால் வழவழப்பாக அறுத்த முதுகில், பற்றுவதற்கு இடமே இராது. மழையையும் வெயிலையும் மிக நன்றாகத் தாங்கும் கல்லே வெறும் சிமெண்ட் கலவையோடு மிக மோசமாக ஒட்டுகிறது என்ற இந்த முரண் இத்தொழிலின் பெரும் சிக்கல்களில் ஒன்று. பாலிமர் தூள் கலந்த பசைகள் வந்தது இதனால்தான்: நீர் குறையக் குறைய அந்தத் தூளின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, சிமெண்ட் படிகங்களுக்கு இடையே மெல்லிய நெகிழும் படலமாகி, வழவழப்பான பரப்பையும் பற்றிக்கொள்கின்றன. இந்தியாவில் இத்தகைய பசைகளுக்கான தரநிர்ணயம் ஐ.எஸ். 15477. பையின் மேல் அந்த எண்ணும், வெளிச்சுவரில் கல் ஒட்டுவதற்கு ஏற்ற வகை என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பது விளம்பர வாசகங்களைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

உதிர்ந்த கல்லைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தால் நடந்தது என்னவென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். முதுகு சுத்தமாக இருந்து, விரலால் தேய்த்ததும் சாம்பல் நிறத் தூள் ஒட்டினால், அறுத்த தூசியைக் கழுவாமலே கல்லை ஒட்டியிருக்கிறார்கள். பசை பற்றியது கல்லையன்று, தூசியை. முதுகில் பசையும் அதன்மேல் சிமெண்ட் பூச்சின் ஒரு படலமும் சேர்ந்து வந்திருந்தால், பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, பலவீனம் பூச்சில்தான். காய்ந்த செங்கல் சுவரை நனைக்காமல் பூசும்போது, செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிட, சிமெண்ட் தன் வினைக்கு வேண்டிய நீரின்றிப் பொருக்காக நின்றுவிடுகிறது. மூன்றாவது காட்சிதான் அதிகம் காணக் கிடைப்பது: நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டைகளாகக் கலவை, அவற்றுக்கிடையே வெற்றிடம். கல்லைச் சமமட்டத்துக்குத் தட்டிக் கொண்டுவர இம்முறை வசதியானது என்பதால் கொத்தனார்கள் அதை விடுவதில்லை. ஆனால் பின்பரப்பில் பாதிகூட ஒட்டாத அந்தக் கல்லுக்குப் பின்னால் மழைநீர் சேர ஐந்தாறு அறைகள் கிடைத்துவிடுகின்றன. பல் வைத்த கரண்டியால் சுவரில் கோடு கோடாகப் பசையை இழுத்து, கல்லின் முதுகிலும் ஒரு மெல்லிய படலம் தடவி அழுத்தினால் இந்த அறைகள் இரா.

வெயிலின் வேலை மெதுவானது, ஆனால் நாள்தோறும் நடப்பது. கருநிறக் கல் கோடை வெயிலில் 60 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அதன் பின்னாலுள்ள செங்கல் சுவரின் உட்பகுதி 35 டிகிரியளவில் இருக்கலாம். கருங்கல் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் எட்டுப் பங்கு நீளும். மூன்று மீட்டர் நீளத்துக்கு, இந்த 25 டிகிரி வேறுபாட்டால் மட்டும் கல் சுவரைவிட 0.6 மில்லிமீட்டர் கூடுதலாக நீளப் பார்க்கிறது. அற்பமாகத் தோன்றும் இந்த அளவை நீளவிடாமல் முழுமையாகப் பிடித்து நிறுத்தினால், கல்லுக்குள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் அளவில் அழுத்தம் எழும். எடையால் வரும் இழுவிசை இதன் பக்கத்தில்கூட நிற்காது. இந்த விசை கல்லின் ஓரங்களை ஒட்டியே பசைக்குள் இறங்குவதால், பிடிப்பு எப்போதும் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி விடுபடுகிறது. சுட்டிருக்கும் கல்லின் மேல் திடீரென்று கோடைமழை கொட்டும்போது இதே கதை எதிர்த்திசையில், இன்னும் வேகமாக நடக்கிறது.

பெரிய பலகைகளைவிடச் சிறு துண்டுகள் மதிலில் நீடிப்பதற்கும் இதுவே காரணம். 15 சென்டிமீட்டர் துண்டு அதே வேறுபாட்டில் 0.03 மில்லிமீட்டரே நீளும். நெகிழும் பசை அதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இடைவெளியே தெரியாதபடி துண்டுகளை நெருக்கி, நீண்ட மதில் முழுவதும் ஒரே அடுக்காக ஒட்டிவிட்டால் அவை ஒன்றையொன்று தள்ளத் தொடங்கி, நடுவில் எங்கோ ஓரிடத்தில் புடைத்து எழும். மூன்று மீட்டருக்கு ஒன்றாவது, மேலிருந்து கீழ்வரை ஒரு நெகிழும் இணைப்பு விட்டு, சிமெண்டுக்குப் பதிலாக வெளிப்புறத்துக்கான சீலண்டால், அதாவது இறுகியபின்னும் நெகிழும் அடைப்புப் பசையால், நிரப்புவது நல்லது. அழகு கெடுகிறதென்று இதைத் தவிர்ப்பவர்களே அதிகம்.

இனி நீர். தோட்டத்து மதில் வீட்டுச் சுவரைப் போலன்று. அதற்குக் கூரையில்லை, இருபுறமும் மழை படும், அடியில் ஈர மண், சில இடங்களில் ஒருபுறம் முழுக்க மண் நிரம்பிய பாத்தி. நீர் மூன்று வழிகளில் உள்ளே வருகிறது. மேலிருந்து வருவதைத் தடுப்பது எளிது: மதிலின் தலையில் இருபுறமும் நான்கைந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் கோப்பிங் கல்லை வைத்து, நீட்டிய பகுதியின் அடியில் ஒரு சிறு பள்ளத்தை நீளவாக்கில் வெட்டிவிட்டால், நீர் அந்தப் பள்ளத்தைத் தாண்டிச் சுவருக்கு வர முடியாமல் சொட்டிவிடும். கல் ஒட்டிய மதில்களில் மேல்விளிம்பைத் திறந்தே விட்டிருப்பதை அடிக்கடி காணலாம்; ஒட்டிய கல்லுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட கோடு வானத்தை நோக்கித் திறந்திருந்தால் எந்தப் பசையும் நெடுநாள் தாங்காது.

அடியிலிருந்து ஏறும் ஈரம் நுண்துளைகளின் ஈர்ப்பால் வருகிறது. ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குழலில் நீர் கொள்கைப்படி ஏறத்தாழ 15 மீட்டர் ஏற வல்லது. சுவரில் வழியெங்கும் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பூச்சு மட்டும் உள்ள சுவரில் அந்த ஈரம் வெளிமுகம் முழுவதும் ஆவியாகும். அடர்த்தியான கல்லை அதன்மேல் ஒட்டியதும் ஆவியாகும் வழி அடைபட்டு, ஈரம் மேலும் உயரே ஏறி இணைப்புக் கோடுகளைத் தேடுகிறது. தரைக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஈரத்தடுப்புப் பட்டை இல்லாத பழைய மதிலில் கல் ஒட்டுவதற்கு முன் இதை யோசித்தாக வேண்டும்.

பாத்தியையோ மேட்டையோ தாங்கும் சுவரில் மூன்றாவது வழி எல்லாவற்றையும் மிஞ்சும். சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அரை டன் அளவு தள்ளுவிசை, மண்ணின் விசைக்கு மேல் கூடுதலாக வரும். உதகை, கொடைக்கானல் சரிவுகளில் படிப்படியாகக் கட்டிய தோட்டச் சுவர்களில் நீர்வடி துளைகளும் பின்னால் ஜல்லி அடுக்கும் இருப்பது இதற்காகத்தான். இத்தகைய சுவருக்குக் கல் ஒட்டும்போது அந்தத் துளைகளையும் சேர்த்து மூடிவிடுவது அழகுணர்ச்சியின் பெயரால் செய்யப்படும் பெரிய கேடு.

நீர் தனியாக வருவதில்லை. சிமெண்ட் இறுகும்போது உபரியாகத் தோன்றும் கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமுக்கு மேல் கரையும். அந்தக் கரைசல் இணைப்புகள் வழியே வெளிவந்து காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சந்தித்ததும் கால்சியம் கார்பனேட்டாகி, கறுப்புக் கல்லின் மேல் வெள்ளை ஒழுக்காகப் படிகிறது. கார்பனேட்டின் கரைதிறன் ஹைட்ராக்சைடைவிட ஏறத்தாழ நூறு மடங்கு குறைவு. படிந்து இறுகிவிட்டபின் நீர் விட்டுக் கழுவினால் போகாததற்கு அதுவே காரணம்.

இது கண்ணுக்கு உறுத்தலே தவிர, கல்லை உடைப்பதில்லை. உடைப்பவை சோடியம் சல்பேட் போன்ற உப்புகள். செங்கல், மண், உவர்ப்பான போர்வெல் நீர் என்று பல வழிகளில் அவை சுவருக்குள் வருகின்றன. சோடியம் சல்பேட்டுக்கு இரு படிக வடிவங்கள் உண்டு: நீரற்றது ஒன்று, பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கு மேல் பருத்தது மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலான எல்லை 32.4 டிகிரி செல்சியஸ். நம் ஊர் மதில் ஆண்டின் பல மாதங்களில் பகலில் இந்த எல்லையைக் கடந்து, இரவில் திரும்புகிறது. வெயிலில் உலர்ந்த நீரற்ற படிகம் நனையும்போது கரைந்து, குளிர்ந்த நிலையில் பருத்த படிகமாக நுண்துளைக்குள் மீண்டும் வளரும்போது துளையின் சுவரை நெருக்குகிறது. ஜல்லிக் கற்களின் உறுதியைச் சோதிக்க ஐ.எஸ். 2386 தரத்தின் ஐந்தாம் பகுதி இதே உப்பில் கல்லை ஊறவைத்து உலர்த்தும் முறையையே பயன்படுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே செய்யும் அந்தச் சித்திரவதையை மதில் இலவசமாக அனுபவிக்கிறது.

எந்தக் கல் என்ற கேள்விக்கு நீர் உறிஞ்சும் அளவே நல்ல முதல் வடிகட்டி. அமெரிக்கத் தரநிர்ணயத்தில் கருங்கல்லுக்கு உச்சவரம்பு எடையில் 0.4 விழுக்காடு, வெளிப்புறச் சிலேட்டுக்கு 0.25, குவார்ட்சைட்டுக்கு 1. மணற்கல்லுக்கோ 8 விழுக்காடு வரை அனுமதி உண்டு. ராஜஸ்தான் மணற்கல் வறண்ட நிலத்தில் பல நூறு ஆண்டுகள் நிற்கிறது என்பதால் கடலோரச் சென்னையில், தரையைத் தொட்டபடி ஒட்டினாலும் அப்படியே நிற்கும் என்று கொள்ள முடியாது. ஆந்திரத்தின் மார்க்காபூரிலிருந்து வரும் சிலேட்டு நீரை எளிதில் ஏற்காது. ஆனால் அதன் கனிமத் தகடுகள் ஒரே திசையில் படுத்திருப்பதால், தரம் குறைந்த துண்டுகள் ஓரத்திலிருந்து ஏடு ஏடாகப் பிரியும். கடப்பா கல்லும் கோட்டா கல்லும் சுண்ணாம்புக் கற்கள். சமையல் மேடையில் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மங்குவதை அறிந்தவர்களுக்கு அமிலத்தின் முன் அவை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் கடப்பாவின் கறுப்பு சாம்பலாக வெளுப்பதையும் எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

மெல்லிய மார்பிள் பலகையை வெளிச்சுவருக்குத் தவிர்ப்பது நல்லது. மார்பிளின் கால்சைட் படிகம் சூடாகும்போது ஒரு திசையில் நீண்டு, அதற்குக் குறுக்கே சுருங்கும். பல திசைகளில் கிடக்கும் படிகங்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, குளிர்ந்தபின் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஹெல்சின்கியில் 1971-இல் திறக்கப்பட்ட ஃபின்லாந்தியா மண்டபத்தின் இத்தாலிய மார்பிள் பலகைகள் இவ்வாறு வளைந்ததால் 1990களின் இறுதியில் மாற்றப்பட்டன, புதியவையும் வளைந்தன. சிகாகோவில் 1970களில் எழுந்த ஓர் எண்ணெய் நிறுவனக் கோபுரத்தின் 40,000-க்கும் மேற்பட்ட மார்பிள் பலகைகளைக் கழற்றிவிட்டுக் கருங்கல் பதிக்க நேர்ந்தது.

உயரமான மதிலிலும் கனத்த பலகையிலும் பசையை மட்டும் நம்பாமல் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளையும் சேர்க்க வேண்டும். பசை விட்டாலும் கல் ஆள்மேல் விழாது. சாதாரண இரும்புக் கம்பி இங்கே உதவாது, ஏனெனில் துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, பிடிக்க வைத்த கல்லையே பிளந்துவிடும். கடலோரத்தில் 316 வகை எஃகே தகும்.

கடைசியாக, கல்லின் மேல் தடவும் பாதுகாப்புப் பூச்சுகளான சீலர்கள். சிலேன், சிலாக்சேன் வகைச் சீலர்கள் நுண்துளையை அடைக்காமல் அதன் உட்சுவரில் மட்டும் படிந்து, நீர்த்துளியைத் தடுத்து, நீராவியை வெளியே விடுகின்றன. நனைந்தது போன்ற மினுமினுப்புத் தரும் அக்ரிலிக் படலங்களோ ஆவியையும் அடைத்துவிட, உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகி, படலத்தோடு கல்லின் மேல்தோலையும் உரிக்கிறது. வெள்ளை பூத்தவுடன் ஆசிட் வாங்கி ஊற்றும் பழக்கமும் உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கார்பனேட்டைக் கரைக்கும் அதே வேகத்தில் கடப்பாவையும் கரைக்கும், இரும்புச் சத்துள்ள சிலேட்டில் மஞ்சள் கறை கிளப்பும், போதாததற்குக் குளோரைடு உப்பையும் சுவருக்குள் விட்டுச்செல்லும். தூளாகப் பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டி அள்ள வேண்டும். நீர் ஊற்றினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கலுக்குப் பின் வரும் வறண்ட மாதங்களில் உப்பு பூப்பது தானே குறைந்து சுவர் நன்றாக உலர்ந்தபின் சீலரைப் பூசலாம். அதற்கு முன் பூசினால் ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்தே பூசியதாகும்.